ராமேஸ்வரம் ஒரே நாளில்: கோயிலும் கடலும், கூட்டிக்கொண்டு போகிறவருக்கான முழு வழிகாட்டி

சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய் வரும் பொறுப்பு என் தலையில் விழுந்து ஏழெட்டு தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு பேர். எழுபத்தைந்து வயது அத்தையும் இருப்பார், ஏழு வயது வாண்டும் இருக்கும். பெரியவர்களுக்குக் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடல், பிள்ளைகளுக்குக் கடல். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியும். வரிசையை மட்டும் மாற்றிப் போடக்கூடாது.

இந்த நாள் முழுக்க ஈரத்தின் கணக்குதான். எப்போது நனைவது, எப்போது காய்வது, ஈரத்தோடு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். குழுவுக்கு முன்னால் நடக்கப்போகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் தேதி

ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் போகாதீர்கள். தர்ப்பணத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அது வேறு. அந்த நாளில் கடற்கரை ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. சாதாரண அமாவாசையும் சனி, ஞாயிறும் கூட நெரிசல்தான். செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. திருவிழாக் காலத்தில் சுவாமியும் அம்பாளும் கோயிலை விட்டு வெளியே எழுந்தருளும் நாட்களில் நடையைச் சாத்தி, தீர்த்தமாடுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஆடித் திருக்கல்யாணம், மாசித் திருவிழா சமயங்களில் இது நடக்கும். தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காற்றையும் பாருங்கள். தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஊர்க்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ். மாலையில் நாம் போகப்போகும் அரியமான் கடற்கரை பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது. அதனால் பிள்ளைகள் கடலில் ஆட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்கவும். மாசி, பங்குனி எனக்குப் பிடித்த மாதங்கள்.

2. முந்தின இரவே தீவுக்குள் இருங்கள்

மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். "ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால் விடியுமுன் போய்விடலாமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். போகலாம்தான். ஆனால் ஓட்டுநர் தூங்கியிருக்க மாட்டார், பெரியவர்களும் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த உடம்போடு இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் மதியத்துக்குள் இருமல் ஆரம்பித்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் வந்து, கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். மறுநாள் மதியம் மூன்று மணி வரை அறை வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பத்து மணிக்குக் காலி செய்யச் சொன்னால் இந்தத் திட்டம் உடைந்துவிடும்.

3. இரண்டு பை கட்டுங்கள்

தூங்கப் போகுமுன் ஒவ்வொருவரும் இரண்டு பை தயார் செய்ய வேண்டும். ஒன்று ஈரப் பை, மற்றது காய்ந்த பை.

ஈரப் பை என்பது போட்டுக்கொண்டு நனையப்போகும் உடையும் ஒரு துண்டும்தான். பெண்களுக்குச் சுடிதார் வசதி. புடவைதான் என்றால் கனமில்லாத, கொஞ்சம் அடர்ந்த நிறம். வெளிர் நிறம் வேண்டாம் என்பதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொல்வதைவிட அது மேல். ஆண்களுக்கு வேட்டியும் துண்டும் போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், பிழிந்தாலும் காயாது.

காய்ந்த பையில் முழு மாற்றுடை, இன்னொரு துண்டு, ஈரத்துணியைப் போட்டுக்கொள்ள ஒரு பாலித்தீன் பை, காலை மாத்திரைகள்.

நகை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். காது கேட்கும் கருவியும்தான். அதை நான் மறந்தேன். என் சித்தப்பா மூன்றாவது கிணற்றில்தான் "ஒண்ணும் கேக்கலையே" என்றார். அதற்குள் இரண்டு வாளி உள்ளே போயிருந்தது. கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர் என்றால் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

தர்ப்பணம், திதி கொடுக்க வேண்டியவர்கள் இருந்தால் புரோகிதரை அன்று இரவே பார்த்து, நேரத்தையும் தொகையையும் பேசி முடியுங்கள். காலையில் கடற்கரையில் நின்றுகொண்டு பேரம் பேசினால் பணமும் போகும், அரை மணி நேரமும் போகும்.

4. ஸ்படிக லிங்கம், விரும்புகிறவர்களுக்கு மட்டும்

நடை காலை 5 மணிக்குத் திறக்கும். முதல் ஒரு மணி நேரம் ஸ்படிக லிங்க தரிசனம், அதற்குத் தனிச் சீட்டு. பார்க்க விரும்புகிறவர்கள் நாலு மணிக்கே எழுந்து அறையில் குளித்து, காய்ந்த உடையில் வரிசையில் நிற்க வேண்டும்.

எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளும் நீரிழிவு உள்ளவர்களும் ஆறு மணி வரை தூங்கட்டும். பார்த்தவர்கள் அறைக்குத் திரும்பி ஈர உடைக்கு மாறிக்கொள்வார்கள். நீராடலுக்கு முன்னால் இதை வைப்பதற்குக் காரணம், அப்போதுதான் எல்லாரும் காய்ந்திருக்கிறோம்.

கைபேசி கோயிலுக்குள் கூடாது. வெளியே லாக்கரில் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதைவிட, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது சுலபம்.

5. அக்னி தீர்த்தம்

ஆறரை மணிக்கு எல்லாரும் கடற்கரையில். இந்தக் கடலைத்தான் அக்னி தீர்த்தம் என்கிறார்கள். கிழக்குக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். முதலில் கடல், அப்புறம் கிணறுகள், அப்புறம் சுவாமி. இதுதான் முறை. இதில் உடம்புக்கும் ஒரு வசதி இருக்கிறது: கடலின் உப்பும் மண்ணும் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் போய்விடும்.

காபி குடிக்கலாமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் நனையக்கூடாது. எங்கள் குழுவில் அவர்களுக்கு மட்டும் பாலும் ஒரு வாழைப்பழமும் என்று வைத்திருக்கிறேன். தர்ப்பணம் கொடுப்பவர் மட்டும் அது முடியும் வரை சாப்பிட மாட்டார்.

இங்கே கடலில் பெரிய அலை கிடையாது, முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து முழுக்குப் போடலாம். ஆபத்து தரையில்தான். யாரோ விட்டுப்போன துணிகள் மண்ணில் புதைந்து காலைச் சுற்றும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். நம் பங்குக்கு நாமும் துணியைக் கடலில் விட வேண்டாம். பரிகாரம் என்று யாராவது சொன்னால், அந்தத் துணியைக் கரையில் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

கரையேறியதும் தலையை எண்ணுங்கள். இந்த நாளில் முதல் எண்ணிக்கை இது.

6. இருபத்திரண்டு தீர்த்தம்

கவுண்டரில் சீட்டு வாங்கிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே போக வேண்டும். சீட்டுக் காசை மட்டும் நனையாத சின்ன உறையில், கூட்டிப்போகிறவர் ஒருவரே வைத்திருக்கட்டும். ஆளாளுக்குப் பர்ஸ் எடுத்து வந்தால் ஆளாளுக்குத் தொலைப்பார்கள்.

வாசலுக்கு வெளியே "உங்கள் குழுவுக்குத் தனியாக இறைத்து ஊற்றுகிறோம்" என்று கேட்பார்கள். வயதானவர்கள் நிறைய இருந்தால் இது உதவிதான். ஆனால் மொத்தம் எவ்வளவு, எத்தனை பேருக்கு, இருபத்திரண்டிலுமா என்று மூன்றையும் கேட்டு முடித்த பிறகே அடி எடுத்து வையுங்கள். பாதியில் பேச முடியாது. நீங்கள் அப்போது நனைந்து நடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று போய், கோடி தீர்த்தத்தில் முடியும். சேதுமாதவ தீர்த்தம் குளம். மற்றவை பெரும்பாலும் கிணறுகள், பிரகாரங்களில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் வழி தவறாது. ஆனால் நம் ஆள் ஒருவர் வேறு கூட்டத்தோடு போய்விடுவார். அதற்கு ஒரே மருந்து, ஐந்தாறு பேராகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இளவட்டத்தைப் பொறுப்பாக்குவது.

சின்னக் கூட்டமாகப் போவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. கிணற்றுச் சுவரின் மேல் நின்று இறைப்பவர் ஒரு வாளியை வீசி ஊற்றும்போது முன்னால் நிற்கும் நாலைந்து பேர் முழுதாக நனைவார்கள், பின்னால் இருப்பவர்கள் மேல் நாலு துளி தெறிக்கும். பன்னிரண்டு பேராக நின்றால் ஒவ்வொரு கிணற்றிலும் "எனக்கு விழவே இல்லை" என்று ஒரு குரல் வரும்.

வாளி உயரத்திலிருந்து வருவதால் தண்ணீர் வேகமாக விழும். கழுத்து வலி, தலைசுற்றல் உள்ளவர்களை நேர் கீழே நிறுத்தாதீர்கள். "தெளித்தால் போதும்" என்று சொன்னால் தெளிப்பார்கள். அத்தை முதல் ஐந்து கிணற்றில் முழு வாளி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆறாவதிலிருந்து அவரே கையை நீட்டித் தலையில் தடவிக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கல் தரை. ஆயிரக்கணக்கான ஈரக்கால்கள் நடந்த கல், வழவழவென்று இருக்கும். பிள்ளைகள் அடுத்த கிணற்றுக்கு ஓடுவார்கள், ஓட விடாதீர்கள். முதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை துணை வேண்டும். கூட்டம் குறைவான நாளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விடுமுறை நாளில் அது இரண்டு மூன்று மணி நேரமாக நீளும்.

கோடி தீர்த்தத் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். மூடி இறுக்கமான பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. உடை மாற்றுவது

இதற்கு ஏன் தனித் தலைப்பு என்று நினைப்பீர்கள். ஈர உடையோடு சன்னதிக்குள் போகக்கூடாது என்பது விதி. அதனால் கிணறுகளுக்கும் தரிசனத்துக்கும் நடுவில் எல்லாரும் முழுதாக மாற்றியாக வேண்டும்.

என் இரண்டாவது பயணத்தில் காய்ந்த பைகளை வேனிலேயே வைத்திருந்தேன். பெரிய வண்டிகளைக் கோயிலை ஒட்டிய வீதிகளுக்குள் விடாததால் வேன் எங்கோ தள்ளி நின்றது. கைபேசிகள் லாக்கரில், ஓட்டுநர் எண் கைபேசியில். வெளியே வந்து, லாக்கர் வரிசையில் நின்று, கைபேசியை வாங்கி, அவரைக் கூப்பிட்டால் அவர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். பதினோரு பேர் கடல் காற்றில் கிழக்கு வீதியில் முக்கால் மணி நேரம் சொட்டச் சொட்ட நின்றோம். பல் கிட்டிப்போய் நின்ற பெரியம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அறையைக் கோயிலுக்குப் பக்கத்தில் எடுக்கத் தொடங்கினேன். அறை தூரமாக இருந்தால், நனைய விரும்பாத ஒருவரைக் காய்ந்த பைகளோடு கோயில் பக்கத்தில், சரியாக எந்த இடம் என்று பேசி வைத்து உட்கார வையுங்கள். கோயிலில் உடை மாற்றும் இடம் இருக்கிறது.

அறைக்குப் போனதும் யாராவது சோப்புப் போட்டுக் குளிக்கலாமா என்பார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தீர்த்தமாடிய பிறகு அன்றைக்கு வேறு குளியல் கூடாது என்பார்கள். தலையை மட்டும் நன்றாகத் துவட்டுங்கள். ஜலதோஷம் தலைமுடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

8. தரிசனம், அப்புறம் டிபன்

காய்ந்த உடையில் ராமநாதசுவாமி, விசுவநாதர், பர்வதவர்த்தினி அம்மன். சீதை மணலில் பிடித்தது ராமலிங்கம், அனுமன் கொண்டுவந்தது விசுவலிங்கம் என்பது தலபுராணம். பூஜை முதலில் விசுவலிங்கத்துக்குத்தான். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள், பொழுதும் போகும்.

ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுவீர்கள். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறக்கும். "முதலில் தனுஷ்கோடி, அப்புறம் கோயில்" என்று மாற்றிப் போட்டவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பது இதனால்தான்.

டிபனை வயிறார முடித்துக்கொள்ளுங்கள். இனி மூன்று நாலு மணி நேரத்துக்கு நல்ல சாப்பாடு கிடையாது.

9. கோதண்டராமரும் அரிச்சல்முனையும்

ஒன்பதரைக்கு வேன் கிழக்கே போகட்டும். ஆளுக்கு ஒரு தொப்பி அல்லது குடை, அரை லிட்டர் தண்ணீர். தனுஷ்கோடியில் நிழல் என்று ஒன்று கிடையாது.

வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்த இடம் என்று சொல்லப்படுவது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனபோது நின்ற கோயில் இது. இருபது நிமிடம் போதும்.

பாழடைந்த தேவாலயச் சுவர் தெரியும் பழைய ஊரில் போகும்போது இறங்காதீர்கள், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன், தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையை முடிக்க வேண்டும். தார்ச்சாலை முனை வரைக்கும் போகிறது. பதினொரு மணிக்கு மேல் மணல் சுடும், செருப்பைக் கழற்ற வேண்டாம்.

இங்கே குளிக்கக்கூடாது. இரண்டு கடல் சேரும் இடம். மேலே பார்க்க அமைதியாக இருந்தாலும் கீழே இழுப்பு உண்டு, கரை திடீரென்று ஆழமாகும். "சும்மா முழங்கால் வரைக்கும்" என்று ஆரம்பிப்பவர்களை நான் கணுக்காலிலேயே நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் அழுவார்கள். சாயங்காலம் வேறு கடல் இருக்கிறது என்று சொல்லிச் சமாளியுங்கள், அது பொய்யில்லை.

கரையில் கிடக்கும் பவளத்துண்டை எடுத்துப் பையில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. கைபேசியில் ரோமிங்கை அணைத்து வையுங்கள், இலங்கைக் கோபுரத்தைச் சில கைபேசிகள் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் இங்கே வரலாமே என்றால், பொழுது சாயுமுன் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும். அவசரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். தவிர, ஊர் திரும்பும் வழி மேற்கே. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று வைத்தால் ஒரே சாலையில் வீணாக அலைய வேண்டாம்.

10. மதியம் தூங்குங்கள்

பன்னிரண்டரைக்குத் திரும்பி, சாப்பிட்டு, மூன்று மணி வரை அறை. ராமர் பாதம், பஞ்சமுக அனுமன், லட்சுமண தீர்த்தம் என்று ஆட்டோக்காரர் பட்டியல் நீட்டுவார். நாலு மணிக்கு எழுந்தவர்களை மதிய வெயிலில் இன்னும் நாலு இடத்துக்கு இழுத்தால் சாயங்காலக் கடலை யாரும் அனுபவிக்க மாட்டார்கள். தூக்கம் வராதவர்கள் மட்டும் போய் வரட்டும்.

இந்த நேரத்தில் ஈரத்துணிகளை அறைக்குள் கயிறு கட்டிக் காயப் போட்டுவிடுங்கள். முழுக்கக் காயாது. ஆனாலும் வேனில் நாற்றம் அடிக்காது.

11. வில்லூண்டி, பாம்பன்

கிளம்பும் வழியில் தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நீளும் சின்னப் பாலத்தின் முனையில் நல்ல தண்ணீர்க் கிணறு. ஒரு வாய் குடித்துவிட்டுச் சுற்றி இருக்கும் உப்புக் கடலைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராது. கால் மணி நேரம்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் இதே சாலையில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் நிறுத்துங்கள், ஆனால் அரியமானில் அரை மணி குறையும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்துவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். வேன் கதவு போக்குவரத்துப் பக்கம் திறந்தால் பிள்ளை நேராகப் பேருந்துக்கு முன்னால் இறங்கும். ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொன்னால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் ஜன்னல் வழியாகவே நன்றாகத் தெரியும்.

12. அரியமான்

பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் வலது கையில் பிரியும் சாலை. நாலரைக்கு வந்துவிடலாம். கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்பு, நிழல், நீளமான மணல், தூரம் வரை ஆழமில்லாத தண்ணீர். காற்றுக்காலம் இல்லாவிட்டால் ஏழு வயதுப் பிள்ளையை நம்பி விடலாம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும், கரையில் நின்று பார்த்தால் போதாது.

பெரியவர்கள் தீர்த்தமாடிய பிறகு கடலில் முழுகத் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள். சவுக்கு நிழலில் ஒரு ஜமுக்காளம் விரித்து, ஃபிளாஸ்க்கில் காபி, ஒரு பொட்டலம் முறுக்கு. காலையிலிருந்து யாரும் அவர்களைச் சும்மா உட்கார விட்டிருக்க மாட்டார்கள். பெரியம்மா அங்கே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். இருட்டிய பின் கடலில் தலையை எண்ண முடியாது. இவர்களுக்கென்று ஐந்து லிட்டர் கேன் இரண்டில் நல்ல தண்ணீர் வேனில் இருக்க வேண்டும், உப்பைக் கழுவாமல் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் தொடை இடுக்கெல்லாம் எரியும். கால் மணலைக் கதவுக்கு வெளியிலேயே தட்டிவிட்டு ஏறட்டும். கோடி தீர்த்தப் பாத்திரத்தைக் காலடியில் வைக்காமல் யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும். எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. இப்போது ஓட்டுநரிடம் கிளம்பச் சொல்லலாம்.